ஸ்டாலின் காலத்துப் பயங்கரமும் தலைவர் வழிபாடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சின்ன வயதில் எங்கள் வீட்டுக்கு 'சோவியத் நாடு' பத்திரிகை வரும். அந்த வழவழப்பான தாளைக் கிழித்துத்தான் என் பள்ளிக்கூட நோட்டுகளுக்கெல்லாம் அட்டை போட்டேன். அப்பா கட்சிக்காரர், வீட்டுச் சுவரில் ஸ்டாலின் படம் இருந்தது. அதனால் இந்த விஷயத்தை வெளியில் நின்று வேடிக்கை பார்ப்பவனாக என்னால் எழுத முடியாது. சில வருடங்களாக எங்கள் வாசகர் வட்டத்தில் சோவியத் வரலாறு பற்றிப் பேசி வருகிறேன், பேச்சு முடிந்து டீ குடிக்கும்போது வருகிற கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்து, பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஸ்டாலின் எப்படி அவ்வளவு பெரிய ஆளா ஆனாரு? சுருக்கமா சொல்லுங்க.

இயற்பெயர் இயோசிப் ஜுகாஷ்விலி. ஜார்ஜியாவில் கோரி என்ற ஊரில் செருப்புத் தைப்பவரின் மகன். ஸ்டாலின் என்பது தலைமறைவுக் காலத்தில் அவரே வைத்துக்கொண்ட பெயர், எஃகு என்ற சொல்லிலிருந்து வந்தது. 1922 ஏப்ரலில் கட்சியின் பொதுச்செயலாளர் ஆனார். அன்றைக்கு அதை யாரும் பெரிய பதவியாக நினைக்கவில்லை, கோப்பு பார்க்கிற வேலை என்றுதான் நினைத்தார்கள். ஆனால் எந்த ஊருக்கு யார் செயலாளர், யாருக்கு மாற்றல், யாருக்குப் பதவி உயர்வு என்பதெல்லாம் அந்த மேசை வழியாகத்தான் போயாக வேண்டும். அவரை அந்த இடத்திலிருந்து நகர்த்துங்கள் என்று 1923 ஜனவரியில் லெனினே சொல்லி எழுத வைத்தார். யாரும் நகர்த்தவில்லை. 1929க்குள் எதிர்த்து நிற்கக்கூடிய ஆள் ஒருவரும் மிச்சமில்லை.

1937, 1937ன்னு சொல்றீங்களே, அந்த வருஷம் அப்படி என்னதான் நடந்தது?

கதை மூன்று வருடம் முன்னாலேயே தொடங்குகிறது. 1934 டிசம்பர் 1 அன்று லெனின்கிராட் கட்சித் தலைவர் கீரவ் அவருடைய அலுவலகக் கட்டடத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அன்றைக்கே ஒரு சட்டம் வந்தது: பயங்கரவாத வழக்குகளைப் பத்து நாளில் விசாரித்து முடிக்க வேண்டும், மேல்முறையீடு கிடையாது, தீர்ப்பானதும் தண்டனை. 1936 முதல் 1938 வரை மாஸ்கோவில் மூன்று பெரிய விசாரணைகள் நடந்தன. லெனினோடு தோளோடு தோள் நின்ற ஸினோவியேவ், காமனெவ், புகாரின் எல்லாரும் நீதிமன்றத்தில் நின்று, நாங்கள் துரோகிகள் என்று தாங்களே சொன்னார்கள். உலகம் பார்த்தது இதை மட்டும்தான்.

உலகம் பார்க்காதது உள்ளூர்களில் நடந்தது. 1937 ஜூலை 30 அன்று உள்துறைத் தலைவர் யெஷோவ் ஓர் உத்தரவில் கையெழுத்துப் போட்டார், எண் 00447. பழைய பண்ணைக்காரர்கள், பாதிரியார்கள், சிறை சென்று வந்தவர்கள், 'சோவியத் விரோதிகள்' ஆகியோரை இரண்டு வகையாகப் பிரிக்கச் சொன்னது அது. முதல் வகைக்குத் துப்பாக்கிக் குண்டு. இரண்டாம் வகைக்கு எட்டு முதல் பத்து வருடம் கட்டாய உழைப்பு முகாம். எந்தப் பகுதியில் எந்த வகையில் எத்தனை பேர் என்று அட்டவணையே போட்டிருந்தார்கள்: மாஸ்கோ வட்டாரத்துக்கு 5,000 மரணம், 30,000 முகாம், லெனின்கிராடுக்கு 4,000 மரணம், 10,000 முகாம். அடுத்த வாரம், ஆகஸ்ட் 5 அன்று வேலை தொடங்கிவிட்டது.

குற்றம் நடக்கிறதுக்கு முன்னாடியே எப்படிங்க எண்ணிக்கை போட முடியும்?

அதுதான் விஷயமே. அந்த எண்ணிக்கைக்கு அவர்கள் வைத்த பெயர் 'லிமிட்'. ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒரு மூவர் குழு: உளவுப் போலீஸ் தலைவர், கட்சிச் செயலாளர், அரசு வழக்கறிஞர். குற்றம் சாட்டப்பட்டவர் அங்கே வர வேண்டியதில்லை, வக்கீல் கிடையாது. பெயர்ப் பட்டியலும் பக்கத்தில் இரண்டு வரிக் குறிப்பும் இருந்தால் போதும், ஒரே அமர்வில் நூற்றுக்கணக்கான பேரின் தலைவிதி முடிந்துவிடும்.

உத்தரவில் முதலில் போட்டிருந்த மரண எண்ணிக்கை 75,950. அந்த உத்தரவின்கீழ் கடைசியில் சுடப்பட்டவர்கள் சுமார் 3,87,000 பேர், அதாவது ஐந்து மடங்கு. ஏன் இப்படி ஏறியது என்றால், கீழே இருந்த அதிகாரிகள் எங்கள் லிமிட் தீர்ந்துவிட்டது, இன்னும் கொடுங்கள் என்று மாஸ்கோவுக்குத் தந்திமேல் தந்தி அடித்தார்கள். கேட்காதவன் சோம்பேறி என்றோ, பகைவனுக்கு இரக்கப்படுகிறவன் என்றோ பட்டியலில் ஏறிவிடுவான் என்ற பயம். சித்திரவதைகளைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன், ஆனால் எனக்குள் அதிகம் உறைத்தது இந்தத் தந்திகள்தான். ரேஷன் கடைக்குச் சரக்கு கேட்கிற மாதிரி மனுஷ உயிரைக் கேட்டிருக்கிறார்கள்.

மொத்தம் எத்தனை பேர்? ஒருத்தர் 7 லட்சம்ங்கிறார், இன்னொருத்தர் 6 கோடிங்கிறார்.

அவர்கள் வேறு வேறு விஷயங்களை எண்ணுகிறார்கள், அதனால்தான் குழப்பம். 1937, 1938 ஆகிய இரண்டு வருடங்களில் அரசியல் குற்றங்களுக்காகச் சுடப்பட்டவர்கள் 6,81,692 பேர். இது சோவியத் உளவுத்துறையே ஸ்டாலின் இறந்த பிறகு போட்டுக் கொடுத்த கணக்கு. வேகம் உச்சத்தில் இருந்த பதினைந்து பதினாறு மாதங்களுக்கு அதைப் பிரித்தால் ஒரு நாளைக்கு ஆயிரத்துக்கும் மேல் வருகிறது. முகாம்கள் தனிக் கணக்கு: 1930 முதல் 1953 வரை சுமார் 1.8 கோடிப் பேர் அவற்றின் வழியாகப் போய் வந்தார்கள், அவர்களில் 15 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அங்கேயே செத்தார்கள். 1932-33 பஞ்சம் இன்னொரு தனிக் கணக்கு, கீழே வருகிறது. கோடிக்கணக்கில் சுட்டார்கள் என்பது ஆவணத்தில் இல்லாத மிகை. மிகைப்படுத்த வேண்டிய அவசியமும் இல்லை.

மாஸ்கோவுக்குத் தெற்கே பூதவா என்று ஓர் இடம். 1937 ஆகஸ்ட் முதல் 1938 அக்டோபர் வரை அந்த ஒரு மைதானத்தில் மட்டும் 20,762 பேரைச் சுட்டுப் பள்ளங்களில் புதைத்தார்கள். 1938 பிப்ரவரி 28 என்ற ஒரே நாளில் 562 பேர்.

இதெல்லாம் அமெரிக்காக்காரன் கட்டிவிட்ட கதைதானே?

இந்தச் சந்தேகம் நியாயமானது, ஏனென்றால் பனிப்போர்க் காலத்தில் பொய்யும் நிறையப் பரப்பப்பட்டது. ஆனால் மேலே சொன்ன எண்களில் ஒன்றுகூட அமெரிக்காவிலிருந்து வந்ததில்லை. 00447 உத்தரவை 1992இல் மாஸ்கோவிலேயே அச்சிட்டார்கள். அதற்கும் முன்னால், 1956 பிப்ரவரி 25 அன்று கட்சியின் 20ஆவது மாநாட்டில், ஸ்டாலினுக்குப் பிறகு கட்சித் தலைவரான குருஷேவே எழுந்து சொன்னார்: 1934 மாநாட்டில் தேர்ந்தெடுக்கப்பட்ட மத்தியக் குழுவின் 139 பேரில் 98 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், அந்த மாநாட்டுக்கு வந்த 1,966 பிரதிநிதிகளில் 1,108 பேர் கைதானார்கள். செத்தவர்களும் கம்யூனிஸ்டுகள், அதைச் சொன்னவரும் கம்யூனிஸ்ட்.

ஸ்டாலினுக்குத் தெரியாம கீழ இருந்தவங்க செஞ்சிருக்கலாம் இல்லையா?

அந்தக் காலத்து ரஷ்யர்களே இப்படித்தான் நம்பினார்கள். புருஷனைப் பறிகொடுத்த பெண்கள் ஸ்டாலினுக்கே மனு எழுதினார்கள், அவருக்கு மட்டும் தெரிந்தால் விட்டுவிடுவார் என்று. ஆனால் ஆவணக் காப்பகத்தில் 383 பட்டியல்கள் இருக்கின்றன, அவற்றில் சுமார் 44,000 பெயர்கள், பெரும்பாலானவர்களுக்கு மரணம். அந்தப் பட்டியல்களில் ஸ்டாலின், பிரதமராக இருந்த மொலதோவ், இன்னும் சில தலைவர்களின் கையெழுத்து இருக்கிறது. போதாததற்கு, கைதிகளை அடிக்க 1937 முதலே மத்தியக் குழுவின் அனுமதி உண்டு, அது சரிதான் என்று உறுதிப்படுத்தி 1939 ஜனவரியில் ஒரு தந்தி போயிற்று. அனுப்பியவர் ஸ்டாலின்.

1938 நவம்பரில் அவர் போதும் என்றதும் எல்லாம் நின்றது. யெஷோவ் அடுத்த ஏப்ரலில் கைதாகி 1940 பிப்ரவரியில் சுடப்பட்டார். கால்வாய்க் கரையில் ஸ்டாலின் பக்கத்தில் அவர் நின்ற புகைப்படத்தில், அவர் இருந்த இடத்தில் வெறும் தண்ணீரை வரைந்துவிட்டார்கள்.

தப்பு செய்யலைன்னா அவங்க ஏன் கோர்ட்ல ஒத்துக்கிட்டாங்க?

அடி ஒரு காரணம். நாடக இயக்குநர் மெயர்ஹோல்ட் சிறையிலிருந்து மொலதோவுக்கு எழுதிய கடிதம் கிடைத்திருக்கிறது. 65 வயது நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து, உள்ளங்காலிலும் முதுகிலும் ரப்பர் வாரால் அடித்திருக்கிறார்கள். அடுத்த நாள்களில், ரத்தம் கட்டிப்போன அதே இடத்தின்மேல் மறுபடியும். கொதிக்கிற தண்ணீரை ஊற்றியது போலிருந்தது என்று எழுதுகிறார். அவர் 1940 பிப்ரவரியில் சுடப்பட்டார். அடிக்காமல் நாள்கணக்கில் தூங்கவிடாமல் விசாரிப்பதும் உண்டு.

இன்னொன்று குடும்பம். 1935 ஏப்ரலில் 12 வயதுப் பிள்ளைகளையும் பெரியவர்களைப் போலத் தண்டிக்கலாம் என்று சட்டம் வந்தது. 1937 ஆகஸ்டில் வந்த இன்னோர் உத்தரவின்படி 'துரோகி'யின் மனைவி என்பதற்காகவே ஐந்து முதல் எட்டு வருடம் முகாம், பிள்ளைகள் அனாதை விடுதிக்கு. புகாரினுக்கு 24 வயது மனைவி, ஒரு வயதுக் குழந்தை. அவர் நீதிமன்றத்தில் என்ன நினைத்துக்கொண்டு நின்றிருப்பார் என்று பெரிதாக யோசிக்க வேண்டியதில்லை. மூன்றாவது காரணமும் உண்டு, அது கொஞ்சம் புரியக் கடினமானது: வாழ்நாளெல்லாம் கட்சி தவறாது என்று நம்பியவர்களிடம், கட்சிக்கு இப்போது உன் வாக்குமூலம் தேவைப்படுகிறது, இதுதான் உன் கடைசிக் கடமை என்று சொன்னார்கள்.

சுடப்பட்டவங்க வீட்டுல என்ன சொன்னாங்க?

பொய் சொன்னார்கள். சிறை வாசலில் மணிக்கணக்கில் வரிசையில் நின்று ஜன்னல் பக்கம் போனால், "பத்து வருடம், கடிதப் போக்குவரத்துக்கு உரிமையில்லை" என்று பதில் வரும். அந்த வாக்கியத்தின் உண்மையான அர்த்தம் ஆளைச் சுட்டாகிவிட்டது என்பதுதான். அது தெரியாமல் பத்து வருடம் காத்திருந்தார்கள், பத்து முடிந்து 1947, 1948இல் மறுபடியும் போய்க் கேட்டார்கள்.

ஸ்டாலின் போன பிறகாவது உண்மை சொன்னார்களா என்றால் அதுவும் இல்லை. 1955இல் உளவுத்துறை உள்ளுக்குள் ஓர் உத்தரவு போட்டது: குடும்பம் கேட்டால் முகாமில் நோய்வாய்ப்பட்டு இறந்தார் என்று சொல், ஒரு தேதியையும் போட்டுக் கொடு. அப்படியே 1937இல் சுடப்பட்டவருக்கு 1943இல் நிமோனியாவில் இறந்ததாகச் சான்றிதழ் வந்தது. பிள்ளைகள் அந்தப் பொய்த் தேதியில் வருடா வருடம் அப்பாவை நினைத்து அழுதார்கள். முழு உண்மையையும் எழுத அனுமதி வந்தது 1989இல்தான்.

இந்தத் துதிபாடல் எப்படி ஆரம்பிச்சது? அவரே கேட்டு வாங்கினாரா?

வித்து லெனினிடம் இருக்கிறது, அவர் கேட்காமலேயே. 1924இல் லெனின் இறந்ததும் உடலைப் பதப்படுத்திக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். அவருக்கு நினைவுச்சின்னமெல்லாம் கட்டாதீர்கள், அதற்குப் பதில் குழந்தைகள் காப்பகமும் பள்ளிக்கூடமும் கட்டுங்கள் என்று அவர் மனைவி குரூப்ஸ்கயா பத்திரிகையில் எழுதினார், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கும்பிட ஓர் உடம்பு கிடைத்துவிட்டால் அதற்கு ஒரு பூசாரியும் வேண்டும், அந்த இடத்தில் ஸ்டாலின் போய் நின்றார். 1929 டிசம்பரில் அவருடைய ஐம்பதாவது பிறந்தநாளிலிருந்து புகழ்ச்சி ஆறாகப் பெருகியது. ஊர்கள், மலைச்சிகரம், தொழிற்சாலைகள் எல்லாவற்றுக்கும் அவர் பெயர். ஸ்டாலின்கிராடு மட்டுமில்லை, தஜிகிஸ்தான் தலைநகரான இன்றைய துஷான்பே அன்றைக்கு ஸ்டாலினாபாத். 1949இல் எழுபதாவது பிறந்தநாளுக்கு வந்த பரிசுகளை வைக்க மாஸ்கோவின் பெரிய கலை அருங்காட்சியகத்தையே ஒதுக்கினார்கள்.

மேடையில் அவர் தன்னடக்கமாகத்தான் பேசுவார், ரொம்பப் புகழாதீர்கள் என்றுகூடச் சொல்வார். ஆனால் புகழாமல் இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்த ஜனங்களுக்கு அந்தப் பேச்சை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியும்.

மக்கள் உண்மையிலேயே நேசிச்சாங்களா, இல்ல பயத்துல நடிச்சாங்களா?

இரண்டும். ஒரே ஆளுக்குள்ளேயே இரண்டும். இதைப் புரியவைக்க நான் எப்போதும் ஒரு புகைப்படத்தைத்தான் காட்டுவேன். 1936 ஜனவரி 27, கிரெம்ளினில் புரியாத்-மங்கோலியப் பகுதியிலிருந்து வந்த குழுவுக்கு வரவேற்பு. கெல்யா மர்கீஸவா என்ற ஏழு வயதுப் பெண் குழந்தை பூங்கொத்தோடு ஓடிப்போய் ஸ்டாலின் கழுத்தைக் கட்டிக்கொள்கிறாள். அவர் சிரிக்கிறார். கைக்கடிகாரமும் கிராமஃபோனும் பரிசு. அந்தப் படம் நாடு முழுக்கப் பள்ளிகளில் தொங்கியது, சிலையாகக்கூட வடித்தார்கள். "எங்கள் மகிழ்ச்சியான குழந்தைப் பருவத்துக்கு நன்றி, தோழர் ஸ்டாலின்" என்ற முழக்கத்துக்கு அந்தச் சிரிப்புதான் முகம்.

அவள் அப்பா அர்தான் மர்கீஸவ் அந்தக் குடியரசின் விவசாய அமைச்சர், நல்ல கட்சிக்காரர், மகளுக்கு எங்கெல்ஸ் நினைவாக எங்கெல்சினா என்று பெயர் வைத்தவர். அடுத்த வருடம் ஜப்பானிய உளவாளி என்று கைதானார். அப்பா நல்லவர், அவரை விட்டுவிடுங்கள் என்று குழந்தை ஸ்டாலினுக்குக் கடிதம் எழுதினாள். 1938இல் அவரைச் சுட்டார்கள். அம்மாவைக் கஜகஸ்தானுக்கு நாடுகடத்தினார்கள், அவரும் அங்கேயே இறந்தார். படமும் சிலையும் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தன.

இதனால்தான் பயம் தனி, பக்தி தனி என்று பிரித்துப் பேசினால் நான் ஒத்துக்கொள்வதில்லை. சுடச் சொல்லிக் கையெழுத்துப் போடுகிற கையைத்தான் குழந்தைகளின் தந்தை கை என்று பாட வேண்டும். பாடினால் தப்பலாம் என்று பயத்தில் பாட ஆரம்பிப்பவன், இவ்வளவு பேர் பாடுகிறார்களே, உண்மையாகத்தான் இருக்கும் என்று நாளடைவில் நம்பியும் விடுகிறான்.

பஞ்சம் இயற்கையா வந்ததா, உண்டாக்கினதா?

விளைச்சல் குறைந்தது உண்மை. ஆனால் குறைந்த விளைச்சலிலிருந்து முழுக் கொள்முதலையும் பிடுங்கினார்கள், தானியத்தை ஏற்றுமதி செய்தார்கள், 1933 ஜனவரியில் உக்ரைன் விவசாயிகள் பிழைப்புத் தேடி வெளியே போகவும் தடை போட்டார்கள். உக்ரைனில் சுமார் 39 லட்சம் பேர் செத்தார்கள். கஜகஸ்தானில் சுமார் 15 லட்சம், அந்த மக்கள்தொகைக்கு அது இன்னும் பெரிய அடி. 1937இல் மக்கள்தொகைக் கணக்கெடுத்தபோது எதிர்பார்த்ததைவிடப் பல லட்சம் பேர் குறைந்தது. கணக்கெடுப்பையே ரத்து செய்து, எடுத்த அதிகாரிகளைக் கைது செய்தார்கள்.

என்ன இருந்தாலும் நாட்டை முன்னேத்தினார், ஹிட்லரை ஜெயிச்சார். அதுக்கு என்ன சொல்றீங்க?

ஹிட்லரைத் தோற்கடித்ததில் சோவியத் மக்களுக்கு உலகமே கடன்பட்டிருக்கிறது, சுமார் 2.7 கோடிப் பேரைக் கொடுத்து ஜெயித்தார்கள். அதே மக்களைத்தான் அவர் அதற்கு முன்னால் வேட்டையாடினார். ராணுவத்தின் உச்சப் பதவியில் இருந்த ஐந்து மார்ஷல்களில் மூன்று பேர் போரில்லாமலே, அந்த வேட்டையில் செத்தார்கள். ஸ்டாலின்கிராடில் ஜெர்மன் படையைச் சுற்றி வளைத்து நசுக்கிய தளபதி ரகஸோவ்ஸ்கி 1937இல் கைதாகி, பல் உடைபட்டு, 1940 வரை சிறையில் கிடந்தவர். ககாரினை விண்ணுக்கு அனுப்பிய ராக்கெட்டைச் செய்த கரல்யோவ், வடகிழக்குக் கோடியிலிருந்த கலிமா முகாமின் தங்கச் சுரங்கத்தில் சாகக் கிடந்து பிழைத்தவர். பயிர் விஞ்ஞானி வவிலோவ் பிழைக்கவில்லை. உலகம் முழுக்க நடந்து, பஞ்சம் வராமலிருக்க விதை சேர்த்த மனிதர் அவர்; 1943 ஜனவரியில் சரதோவ் சிறையில் பட்டினியில் செத்தார். இவர்கள் செய்த சாதனையெல்லாம் அவரால் வந்தது என்று என்னால் சொல்ல முடியவில்லை, அவரையும் மீறி வந்தது என்றுதான் தோன்றுகிறது.

நம்ம நாட்டுக்காரங்க யாராவது மாட்டினாங்களா?

மாட்டினார்கள், இது நம்மிடையே அதிகம் பேசப்படாததில் எனக்கு வருத்தம் உண்டு. 1920 அக்டோபரில் தாஷ்கண்டில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர் அபனி முகர்ஜி. மாஸ்கோவிலேயே தங்கி ஆராய்ச்சியாளராக இருந்தார், 1937 ஜூனில் கைது, அக்டோபரில் சுட்டார்கள். சரோஜினி நாயுடுவின் தம்பி வீரேந்திரநாத் சட்டோபாத்யாயா லெனின்கிராடில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஜூலையில் கைது, செப்டம்பர் 2 அன்று சுடப்பட்டார்.

தாஷ்கண்டில் அதே கூட்டத்தில் ஒரு தமிழரும் இருந்தார்: எம்.பி.டி. ஆச்சார்யா, பாரதியின் 'இந்தியா' பத்திரிகையோடு தொடர்புடையவர். போன கொஞ்ச நாளிலேயே தலைமையோடு முரண்பட்டு, 1922 வாக்கில் ரஷ்யாவை விட்டுக் கிளம்பி பெர்லின் போய்விட்டார். வறுமையில் உழன்றாலும் 1954 வரை உயிரோடு இருந்து மும்பையில் இறந்தார்.

நாங்க படிச்ச ரஷ்யப் புத்தகங்கள்ல இதெல்லாம் இல்லவே இல்லையே?

மாஸ்கோவிலிருந்து தமிழில் அச்சாகி, பேருந்து நிலையக் கண்காட்சியில் ஐந்து ரூபாய்க்குக் கிடைத்த அந்தப் புத்தகங்களை நானும் நேசிக்கிறேன், இன்னும் வைத்திருக்கிறேன். ஆனால் அங்கே அச்சேறும் ஒவ்வொரு தாளும் தணிக்கை அலுவலகத்தைத் தாண்டித்தான் வரும். எப்படித் தணிக்கை செய்தார்கள் என்பதற்கு ஓர் உதாரணம் போதும். 1953இல் உளவுத்துறைத் தலைவர் பெரியா வீழ்ந்ததும், சோவியத் பெருங்கலைக்களஞ்சியம் வாங்கியவர்களுக்குத் தபாலில் புதிய பக்கங்கள் வந்தன: பெரியா பற்றிய பக்கங்களைக் கத்தரியாலோ பிளேடாலோ வெட்டி எடுத்துவிட்டு, பேரிங் கடல் முதலானவை பற்றிய இவற்றை ஒட்டிக்கொள்ளவும்.

அப்போ பிள்ளைக்கு ஸ்டாலின்னு பேர் வெச்சவங்கெல்லாம் தப்பு செஞ்சாங்களா?

இல்லை. 1932இல் பெரியார் சோவியத் நாட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்த பிறகு இங்கே குழந்தைகளுக்கு ரஷ்யா, மாஸ்கோ என்றெல்லாம் பெயர் வைத்தார்கள். சாதி இல்லாத, முதலாளி இல்லாத ஒரு நாடு எங்கோ இருக்கிறது என்ற நம்பிக்கையில் வைத்த பெயர்கள் அவை. ஸ்டாலின் இறந்த 1953 மார்ச்சில், 00447 என்ற எண்ணை இங்கே யாரும் கேள்விப்பட்டதில்லை. அன்று பெயர் வைத்தவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. எல்லா ஆவணமும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற இன்றைக்கும் அந்தப் படத்துக்கு மாலை போடுகிறவர்களிடம்தான் நான் பேச விரும்புகிறேன்.

அப்போ கம்யூனிசம்னாலே இப்படித்தான் முடியுமா?

இதற்கு நேர்மையான பதில், என்னால் முழுதாகச் சொல்ல முடியாது என்பதுதான். எதிர்க்கட்சி இல்லாமல், சுதந்திரப் பத்திரிகை இல்லாமல், நீதிமன்றத்தைக் கட்சிக்கு அடியில் வைத்தது லெனின் காலத்திலேயே நடந்தது, உளவுப் போலீஸ் தொடங்கியது 1917 டிசம்பரில். அந்தக் கதவுகளெல்லாம் மூடியிருந்ததால்தான் பின்னால் ஒரு தனி மனிதரைத் தடுக்க ஆளில்லாமல் போயிற்று. அதே சமயம், கூலி உயர்வு கேட்டுச் சிறைக்குப் போன நம் ஊர்த் தோழர்களை அந்தக் குற்றத்தில் சேர்க்கவும் நான் தயாரில்லை. என் அப்பாவும் அவர்களில் ஒருவர்.

அவர் செத்தப்போ என்ன நடந்தது?

1953 மார்ச் 1, மாஸ்கோவுக்கு வெளியே அவருடைய மாளிகை. காலையில் அறையிலிருந்து சத்தமே இல்லை. கூப்பிடாமல் உள்ளே போகக் காவலர்களுக்குப் பயம், போகாமல் இருக்கவும் பயம். இரவு பத்து மணிக்கு மேல் தபால் கொடுக்கிற சாக்கில் ஒருவர் போய்ப் பார்த்தார், பக்கவாதம் வந்து தரையில் கிடந்தார். மருத்துவர்கள் வந்தது மறுநாள் காலையில். அவருக்கு வருடக்கணக்காக வைத்தியம் பார்த்த விநோகிராதவ் அப்போது சிறையில் இருந்தார், மருத்துவர்கள் சதி என்று ஜோடித்த வழக்கில். மார்ச் 5 அன்று உயிர் போனது. உடலைப் பார்க்கத் திரண்ட கூட்டத்தின் நெரிசலில் நசுங்கிச் செத்தவர்கள் உண்டு.

எங்க அப்பா இன்னும் அவரைத்தான் நம்புறார். எப்படிப் பேசுறது?

எண்ணிக்கையை வைத்துச் சண்டை போடாதீர்கள். நான் அப்படித்தான் ஆரம்பித்து ஒரு வருடம் அப்பாவும் நானும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. அப்புறம் ஒருநாள் புகாரினின் மனைவி அன்னா லாரினா பற்றிச் சொன்னேன். கைதாவதற்கு முன்னால் புகாரின் எதிர்காலக் கட்சித் தலைமைக்கு ஒரு கடிதம் எழுதி, அதைத் தாளில் வைத்திருந்தால் ஆபத்து என்று மனைவியை மனப்பாடம் செய்ய வைத்தார். அந்தப் பெண் சிறை, முகாம், நாடுகடத்தல் என்று கிட்டத்தட்ட இருபது வருடம் அதை வரி பிசகாமல் மனதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில் வெளியே வந்து எழுதி வைத்தார். 1988இல் புகாரின் நிரபராதி என்று அறிவித்தார்கள்.

அப்பா வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "அந்தக் கைக்குழந்தை என்னாச்சு?" என்று கேட்டார். உறவினர் வீடு, அனாதை விடுதி, வளர்ப்புக் குடும்பம் என்று வளர்ந்து, 1956இல் இருபது வயதில் சைபீரியாவுக்குப் போய் அம்மாவைப் பார்த்தான், தன் அப்பா யார் என்று அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது என்றேன். அடுத்த மாதம் ஊருக்குப் போனபோது சுவரில் படம் இருந்த இடம் வெறுமையாக இருந்தது. அதைப் பற்றி அவரும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.